அமாவாசையில் போட்ட டெஸ்ட்

சேவூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் சேவூரில் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவர். மற்றவர் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க அவருடன் வரும் மெக்கானிக்.

"பிராசஸர் வேகத்த கொஞ்சம் ஏத்தினேங்க. தாங்குதான்னு பாக்க போன அமாவாசைக்கு நாள் பூரா டெஸ்ட் ஓட்டினேன், சூடு எழுபத தாண்டல. மறுநாள்லேர்ந்து அடிக்கடி ஆஃப் ஆவுது."

"அமாவாசைக்கு தெருவுல எல்லா கரண்ட் தறியும் லீவு. கரண்ட் ஆடாம வந்திருக்கும். தறி ஓடற நாள்லதாங்க டெஸ்ட் போடணும்."

"ஒரு தறி ஓடிச்சே, எதிர் வூட்டுல. காலையிலேர்ந்து சத்தம் கேட்டுகினே இருந்துச்சி."

மெக்கானிக் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"எதிர் வூட்டு தறிய ஆடி மாசமே பிரிச்சி லாரியில ஏத்திட்டாங்களே. நானும்தான ஒரு கை புடிச்சேன்."

மெக்கானிக்கே மறுபடி கேட்டார்.

"சத்தம் எப்ப நின்னுச்சி?"

"டெஸ்ட்ட நிறுத்தினதும்."

"இன்னிக்கும் அமாவாசைதாங்க."

"தெரியும். டெஸ்ட்ட போட்டு வுட்டுட்டுத்தான் வந்தேன்."

சேவூர் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். இருவரும் எழுந்திருக்கவில்லை.