புட்டிக்குப் போடற தாள்

உக்காருங்க சார். நின்னுக்கிட்டே கேட்டா மட்டும் தூக்கிக் குடுத்துடுவேனா? அதோ, அலமாரியில சர்க்கரை டப்பா பக்கத்துல இருக்கே, அந்தப் புட்டிதான். கை வைக்காதீங்க. கண்ணால பாருங்க, போதும்.

என்னது, லேப் சொத்தா? நல்லா இருக்கு சார் நியாயம்! என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, உங்க லேப்ல அவ கிருமி வளர்த்த தட்டையெல்லாம் குப்பையில கொட்டினது யாரு? நீங்கதானே? ஒண்ணும் வளரல, காலித் தட்டுன்னீங்களாமே. காலியாம் காலி! அந்தக் கிருமிக்குக் காலும் கிடையாது, வாலும் கிடையாது. ஆனா வழுக்கிக்கிட்டே போய்த் தட்டு முழுக்கப் பரவிடும், கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி. வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தாத்தான் தெரியும். இது உங்களுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். உங்களுக்கு இடம் வேணும். அவ சாமான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான் விஷயம்.

இப்ப எவனோ ஒருத்தன், அவ எழுதினதைப் படிச்சுட்டு, வைக்கோலை மக்க வைக்க இதே கிருமி வேணும்னு கேக்கறான். உடனே என் வீட்டுக்கு வழி தெரிஞ்சுடுச்சு, இல்ல?

இல்ல சார், கத்தல. அச்சகத்துல மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி என் குரலே இப்படி ஆயிடுச்சு. சரி, கத்தறேன்தான். கத்தினா என்ன தப்பு?

எனக்கு மட்டும் இந்தப் புட்டி மேல ஆசையா? காகிதத்தை வச்சுப் பிழைக்கறவன் நான். காகிதத்தைத் திங்கற கிருமியை வளர்க்கறவ அவ. பொருத்தத்தைப் பாருங்க! கல்யாணமான புதுசுல ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். என் கையைப் பிடிச்சுக்குவான்னு பார்த்தா, சேத்துக்குள்ள கையை விட்டா. இலையெல்லாம் அழுகிக் கிடந்த சேறு. அதை என் டிபன் டப்பாவுல அள்ளிக்கிட்டு வேற வந்தா. அதுல கிடைச்சதுதான் சார் இது. அன்னையிலேருந்து என் கடையில வெட்டி விழற துண்டுத் தாளெல்லாம் இதுக்குத்தான் தீனி.

தட்டெல்லாம் போயிடுச்சுன்னு நீங்க அவகிட்ட போன்ல சொன்னீங்களே, அப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். சரி சார்னு சொல்லிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதை நான் மறக்கமாட்டேன். அதுக்கப்பறம் நான் போறப்பல்லாம் ஒரே கேள்விதான், புட்டிக்குத் தாள் போட்டீங்களா? கட்டின புருஷன் சாப்பிட்டானான்னு ஒரு வார்த்தை கிடையாது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

போட்டேன் சார். இன்னைக்கு வரைக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இல்லைன்னா நீங்க வந்து கேக்க இங்க என்ன இருக்கும்?

என்ன அப்படிப் பார்க்கறீங்க? அடியில கறுப்பா இருக்கேன்னா? கெட்டெல்லாம் போகல. அது மை. தாளைத் தின்னுட்டு மையை மட்டும் அப்படியே விட்டுடுது. வெள்ளைத் தாளுக்கு என்ன பஞ்சம், கடையில கட்டுக் கட்டாக் கிடக்கு. ஆனா இப்ப நான் போடறது அச்சடிச்சது. அவ போனப்ப சொந்தக்காரங்களுக்குச் சேதி சொல்ல அட்டை அடிக்கணும்னாங்க. வேற கடையில குடுக்க மனசு வரல, நானே அடிச்சேன். மெஷினை நிறுத்தணும்னுகூடத் தோணல, அது பாட்டுக்கு அடிச்சுத் தள்ளிடுச்சு. மிஞ்சினதை என்ன பண்றது? கிழிச்சுப் போடவும் முடியல, வச்சுப் பார்க்கவும் முடியல. அதான் வெட்டி வெட்டி இதுக்குப் போடறேன். காலமானார்ங்கற வரியைத்தான் முதல்ல போட்டேன். சுத்தமாத் தின்னுடுச்சு சார்.

கையில கொண்டு வந்திருக்கீங்களே, அந்தச் சின்னப் புட்டியை இப்படி எடுங்க. பாதி ஊத்தித் தரேன், கொண்டு போங்க. மீதியைக் கேக்காதீங்க. உள்ள இன்னும் ஒரு கட்டு அட்டை இருக்கு.