பாட்டுக்குள் வந்த அப்பா

ஒட்டுக்கேட்கிற சுகத்தில் இறங்க வேண்டிய ஊரையே தவறவிடுகிற மடையன் நான். அன்றும் ஏரல் பஸ்ஸில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டிவிட்டேன். காரணம், முன் சீட்டில் மடியில் கிட்டாரோடு இருந்தவனிடம் அவன் கூட்டாளி சொன்னது:

“ஏலே, நம்ம பாட்டுக்குள்ள உங்கப்பா நிக்காரு.”

இவர்களுடைய ராக் குழுவின் முதல் பாட்டை ஆற்றங்கரையில் வைத்துப் படம்பிடித்தவர் கல்யாண வீடியோக்காரராம்.

“கல்யாண வீட்டுப் பழக்கம்லே. வேடிக்கை பாத்தவங்க மூஞ்சிய ஒண்ணு விடாம எடுத்திருக்காரு. கடைசியில மருதமரத்துக்குப் பின்னால உங்கப்பா.”

“எங்கப்பாவா? நான் கிட்டாரத் தொட்டதுல இருந்து எங்கிட்ட பேச்சே கிடையாதுலே.”

“பேசாட்டா என்ன? காலால தாளம் போடுதாரு.”

கிட்டார்க்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வாழைத்தோட்டங்கள் ஓடின.

“நாளைக்குக் கேபிள்ல போடணும். வேடிக்கை பாத்த மூஞ்சியெல்லாம் வெட்டச் சொல்லியிருக்கேன். உங்கப்பாவையும் வெட்டிரட்டா?”

கிட்டார்க்காரன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். “தாளம் சரியா போடுதாராலே?”

“ஒன்னவிடச் சரியா.”

வெட்டுவதா வேண்டாமா என்று முடிவாகுமுன் ஏரல் வந்துவிட்டது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. படிக்கட்டில் கிட்டார்க்காரனை வழிமறித்துக்கொண்டு, “தம்பி, அப்பாவ வெட்டிருவியளா?” என்றேன்.

“வெட்டல அண்ணாச்சி, இறங்குங்க.”