பொட்டு வைத்த இருநூற்றுப் பன்னிரண்டு

ஓசூர் உதிரிபாக ஆலையின் உயிர்நாடியே! கடவுச்சொல் காத்த கண்ணியவானே! முப்பத்தோராண்டு முகஞ்சுளிக்காமல் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று அருள்வாக்கு உரைத்த கணினிப் பிரிவின் தலைவர், திம்மராயன் அவர்களே!

கேன்டீன் அடுப்பின் மீதும் ஆயுத பூஜைப் பூசணிக்காயின் மீதும் ஆணை: இம்மடலின் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவர் பணி ஓய்வு பெறும் இந்நாளில், அவையோர் அறிய, இனி அவர் பெருமை.

சென்ற புரட்டாசியில் ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தே ஆலைக் கணினிகளுக்குள் நுழைய உதவும் நம் வி.பி.என். மென்பொருளில் ஓட்டையாம். அதன் டிரைவர் என்னும் இயக்கு நிரல் குடியிருப்பது கணினியின் கருவறையான கெர்னலில். சாதாரண லாகினில் இருப்பவர் கோணலாக ஒரு கட்டளையை அனுப்பினால் போதும், நீ யார் என்று கேளாமல் அட்மின் அதிகாரத்தையே அது தூக்கிக் கொடுத்துவிடும். கேட்டில் விசிட்டர் பாஸ் வாங்கியவர் நேரே போய் எம்.டி. நாற்காலியில் அமர்வதற்கு ஒப்பு.

ஆலை மேலாளர் குருமூர்த்தி நம்பவில்லை. "அதெல்லாம் வெளிநாட்டுல நடக்கும் திம்மராயன். நம்மள எவன் தேடி வரப்போறான்?"

திம்மராயன் அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனார். நாளைய குழம்பு என்ன என்று தட்டச்சு செய்ய மட்டுமே உரிமையுள்ள நஞ்சம்மாவின் லாகினில் நுழைந்து, அப்பளம் பொரியும் நேரத்தில் அந்த மடிக்கணினிக்கே அதிபதியானார். நஞ்சம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏன் சார், இவ்ளோ பவர வெச்சுக்கிட்டா நான் பத்து வருசமா ரசம் ஊத்திட்டிருக்கேன்?"

அதே வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் கடிதமும் வந்தது. பூஜை விடுமுறைக்குள் எல்லா மடிக்கணினிகளிலும் ஓட்டை அடைத்த புதுப் பதிப்பு ஏற வேண்டும். ஒன்றே ஒன்று விட்டுப்போனாலும் நம் கணினிகளோடுள்ள இணைப்பைத் துண்டிப்பார்கள். இணைப்புப் போனால் வரைபடம் வராது, வரைபடம் வராவிட்டால் உற்பத்தி லைன் ஓடாது.

திம்மராயன் தாமே உட்கார்ந்து எழுதிய பட்டியலில் மடிக்கணினிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அத்திப்பள்ளி முதல் அஞ்செட்டி வரை சிதறிக் கிடந்தன. பதினேழு மின்னஞ்சல் அனுப்பினார். "சார், ரீஸ்டார்ட் பண்ணா டிராயிங் போயிடும். சாயங்காலம் பண்ணிடறேன்" என்றார் டிசைன் பிரிவு மோகனப்ரியா. எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை.

பதினெட்டாவது மின்னஞ்சலில் பாதுகாப்பு என்ற சொல்லையே எடுத்துவிட்டார். 'ஆயுத பூஜைக்கு வராத லேப்டாப்புக்குப் பொட்டு கிடையாது. பிறகு ஹேங் ஆனால் என்னைக் கேட்க வேண்டாம்.'

பூஜையன்று காலை எட்டு மணிக்கே கேன்டீன் மேசைகள் நிறைந்தன. திம்மராயனின் ஒரு கையில் பென் டிரைவ், மறு கையில் சந்தனக் கிண்ணம். பழைய டிரைவரை நீக்கி, புதியதை ஏற்றி, ரீஸ்டார்ட் ஆன பின்னரே பொட்டு. பொட்டுள்ளது பத்திரம், பொட்டில்லாதது ஓட்டை!

கடைசியாக வரவேண்டியது பராமரிப்புப் பிரிவு ராஜப்பனுடையது. தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஒற்றை யானை அவர் வந்த பஸ்ஸை மறித்து நின்றுவிட்டது. ராஜப்பன் இறங்கி, மடிக்கணினியைத் தூக்கிக் காட்டி, "சாமி, நான்தான் அட்மின், வழி வுடு" என்றார். யானை அடையாள அட்டை கேட்கவில்லை, ஒதுங்கிக்கொண்டது. வி.பி.என். டிரைவரில் இருந்த ஓட்டையும் இதேதான் என்று திம்மராயன் பிற்பாடு எங்களுக்கு விளக்கினார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது பொட்டு விழுந்தது, பூசணிக்காய் உடைந்தது. இணைப்பு நிலைத்தது, லைன் ஓடியது. மூன்று வாரமாக நின்றபடியே தேநீர் குடித்த திம்மராயன் அன்றுதான் நாற்காலியில் சாய்ந்து குடித்தார். ஆலையே அவரோடு சேர்ந்து மூச்சு விட்டது.

ஐயா! ரீஸ்டார்ட் கேளாத உடலும், "சார், பாஸ்வேர்ட் மறந்துட்டேன்" என்று எவரும் எழுப்பாத உறக்கமும் நூறாண்டு தங்களுக்கு வாய்க்கட்டும்!

அன்பில் நனைந்து, அட்மின் உரிமை ஏதுமின்றி,
ஆலை ஊழியர்கள், ஓசூர்

பி.கு.: திம்மராயன் அவர்கள் தம்முடைய மடிக்கணினியை இன்று காலை ஒப்படைத்தார். அவர் எழுதிய பட்டியலில் அது இல்லை. அதில் பொட்டும் இல்லை.