வானம் தெளிவு

தேநீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. மாங்குளத்தில் வந்தவருக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் கஞ்சன் என்று பெயர் வந்துவிடும்.

நீங்கள் பொலிசிலிருந்து கௌசலாவைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். என்னிடம் வேலை செய்தவர்களில் அவள்தான் கெட்டிக்காரி. ஒன்பது நாளாக விளக்கமறியலில் அடைபட்டிருக்கிறாள் என்று நினைக்கவே மனம் பொறுக்கவில்லை. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தென்னமெரிக்க மலையொன்றில் இருக்கும் தொலைநோக்கிக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். காற்று அசைவதால் வானத்துப் படம் கலங்கும். அதற்காக லேசர் கதிரை மேலே அனுப்பி, தொண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செயற்கை நட்சத்திரத்தை உண்டாக்குவார்கள். அது நடுங்கும் விதத்தைப் பார்த்து எங்கள் மென்பொருள் தொலைநோக்கியின் கண்ணாடியை வளைத்துக் கொடுக்க, படம் தெளிந்துவிடும். விமானம் வந்தால் மட்டும் லேசரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானியின் கண் கூசிவிடும். விமானத்தைக் கவனிக்க ஒரு கமெரா உண்டு.

அந்தக் கமெரா சிலவேளை பதில் சொல்லாமல் நின்றுவிடும். நின்றால் திரையில் சிவப்பு வரும், லேசர் அணையும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் எங்கள் அலுவலகத்தைப் பார்வையிட வருவதற்கு நான்கு நாள் இருக்கையில், எங்கள் சோதனைத் திரையில் மணிக்கு இரண்டு தடவை சிவப்பு வந்துகொண்டிருந்தது.

மீள்குடியேற்றக் காலத்தில் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தவன். உடையார்கட்டுக் கிராமத்தில் நாற்பது மலசலகூடம் கட்டினோம். பதினொன்றுக்குத்தான் குழி இருந்தது. கொடை தந்தவர்கள் பார்க்க வந்த அன்று நாற்பது கதவுக்கும் நீல வர்ணம் பூசி, வாசலில் சவர்க்காரமும் வைத்தோம். மரியாதை தெரிந்த எவரும் மூடிய மலசலகூடக் கதவைத் திறந்து பார்க்கமாட்டார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு, நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு மகிழ்ச்சியாகப் போனார்கள். அந்தப் படிப்பினை எனக்குப் பிறகும் உதவியது.

கமெரா பதில் சொல்லாவிட்டால் ‘வானம் தெளிவு’ என்று பச்சை காட்டும்படி மாற்றலாமா என்று கௌசலாவைக் கேட்டேன்.

“பார்க்காமலே எப்பிடிச் சேர் வானத்திலை ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறது?” என்றாள்.

“வாறவை வந்திட்டுப் போகட்டும் பிள்ளை. பிறகு திருத்துவம்.”

“நான் கையெழுத்து வைக்கமாட்டன் சேர்.”

அடுத்த நாள் அவளுடைய மாமாவின் செத்தவீடு. வேலை தடைப்படக்கூடாதே என்று தன் கடவுச்சொல்லை என்னிடம் எழுதித் தந்துவிட்டுப் போனாள். எங்கள் பக்கத்தில் வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை அயலில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நான் அவளுடைய பெயரில் உள்ளே போய், அந்த மாற்றத்தைச் செய்து, சோதனை சரி என்று ஒப்பமும் வைத்தேன். என் பெயரில் செய்தால், பொறுப்பாளரே சோதனையில் கைவைத்தார் என்று ஆகிவிடும். அது முறையில்லை.

வந்தவர்களுக்குப் பச்சை மிகவும் பிடித்துப்போய்விட்டது. மென்பொருளை அப்படியே மலைக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு குறை சொல்லி அவர்களுடைய மனத்தை நோகடிக்க நான் விரும்பவில்லை. பதினாறு பிள்ளைகளின் வேலையும் அதில் இருந்தது.

ஏழு கிழமை கழித்து, நோயாளி ஒருவரை ஏற்றிவந்த சிறிய விமானம் கதிருக்குள் புகுந்து மலையில் மோதியது. நான்கு பேர். அந்த நேரத்தில் திரையில் பச்சைதான் இருந்தது. அன்று எடுத்த நட்சத்திரப் படங்கள் அருமையாக வந்திருப்பதாகத் தொலைநோக்கிக்காரர் பாராட்டி எழுதியிருந்தார்கள். விபத்துச் செய்தி வர முன்னர் எழுதிய கடிதம் அது.

கௌசலாவின் தாய் சிவலட்சுமி நீங்கள் அமர்ந்திருக்கும் இந்தக் கதிரையில் இருந்துதான் அழுதா. “தம்பி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையை விடுவினம்.”

“கட்டாயம் கதைக்கிறன் அம்மா,” என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் நான். இதோ கதைத்துவிட்டேன். மாற்றியது நான், ஒப்பம் வைத்தது நான், மலைக்குப் போக விட்டதும் நான். அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. எங்கே கையெழுத்து வைக்க வேண்டும், காட்டுங்கள்.

ஒரு சின்ன உதவி மட்டும். வருகிற வியாழக்கிழமை வேறொரு நாட்டுக்காரர் அலுவலகத்தைப் பார்வையிட வருகிறார்கள். இதற்கு வெள்ளிக்கிழமைத் திகதி போட்டுவிடுங்கள்; அதுவரைக்கும் பிள்ளை அங்கே சமாளித்துக்கொள்வாள்.