சனிக்கிழமைப் பலகையை இறக்கி வைக்கும் எங்கள் அக்காவுக்கு

வலைக்கு அப்புறமும் இப்புறமும் நின்று முறைத்துக்கொண்டவர்களை முகம் பார்த்துப் பேசவைத்த மூத்தவரே! மகப்பேறு மருத்துவமனையின் தலைமைச் செவிலியராய் உள்ளே அலறியவர்களையும் வெளியே அலைந்தவர்களையும் ஒரே பார்வையில் அடக்கிப் பழகி, அந்தப் பார்வையை எங்கள் டென்னிஸ் மன்றத்துக்கும் அப்படியே கொண்டுவந்த அஞ்சா நெஞ்சரே! அடித்த பந்து அடுத்த தெருவில் விழுந்தாலும் "பரவால்ல, பலமா அடிச்சீங்க" என்று தேற்றும் அருளாளரே! சனிக்கிழமை மாலைகளின் சர்வாதிகாரியே! எங்கள் அன்பு அக்காவே, வணக்கம்!

"அகிலம் போற்றும்" என்றும் ஓர் அடைமொழி சேர்க்கவேண்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். வழக்கம்போல் கூட்டம் முடியும் நேரத்தில் வந்து சொன்னதால், அகிலம் இம்மடலில் இடம்பெறவில்லை.

அக்கா! நீங்கள் வருவதற்கு முன் இம்மன்றம் இருந்த கோலத்தை எண்ணிப் பார்க்கிறோம். ஆடத் தெரிந்தவர்கள் ஆடத் தெரிந்தவர்களையே துணைக்குச் சேர்த்துக்கொண்டு, முதல் ஆடுகளத்துக்குப் பட்டா வாங்கியவர்கள்போல் பொழுது சாயும்வரை ஆடினார்கள். மற்றவர்கள் வெள்ளை உடுப்பில் வந்து, பெஞ்சைத் தேய்த்து, அதே வெள்ளை உடுப்பில் திரும்பினோம். "இதை எதுக்குத் துவைக்கப் போடுறீங்க? மடிச்சு வச்சு அடுத்த வாரமும் போட்டுக்கோங்க" என்று வீட்டில் கேட்டார்கள். ஒவ்வொருவராய் நின்றுபோக, மன்றத்தை இழுத்து மூட நல்ல நாள் பார்க்கவேண்டியதுதான் பாக்கியாயிருந்தது.

அந்நேரத்தில்தான், கொக்கிகள் அடித்த பலகை ஒன்றைத் தூக்கிவந்து ஓய்வறைச் சுவரில் மாட்டினீர்கள். வருகிறவர் எவராயினும் தம் பெயரட்டையை உங்களிடம் தரவேண்டும். யாருக்கு யார் துணை, யாருக்கு யார் எதிர் என்பதை நீங்களே முடிவுசெய்து மாட்டுவீர்கள். அதற்கு இரண்டே விதிகள். பெஞ்சில் நெடுநேரம் காத்திருந்தவருக்கே முதல் ஆட்டம். கணவனும் மனைவியும் ஒரே பக்கம் ஆடக்கூடாது.

இரண்டாம் விதி பிறந்த வரலாறு இம்மன்றம் அறிந்ததே. உங்கள் கணவர் என்ற முறையில் எங்கள் அத்தனை பேருக்கும் அத்தானாகிவிட்ட நில அளவையாளர், உங்களோடு ஒரே ஒருமுறை சேர்ந்து ஆடினார். நீங்கள் அடித்த பந்தை எதிரணியே "உள்ளே" என்று ஒப்புக்கொண்டது. அத்தான் மட்டும் வலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, குனிந்து அளந்து, "அரை விரல் வெளியே" என்றார். அன்று மாலையே விதி அமலுக்கு வந்தது. அத்தானுக்கு அன்று இரவு சாப்பாடு கிடைத்ததா என்பது செயற்குழுவின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

"என்னை ஏன்க்கா இவரோட போட்டீங்க?" என்று கேட்காதவர் எங்களில் இல்லை. "ஆடுங்க, அப்புறம் சொல்றேன்" என்பதே உங்கள் மறுமொழி. ஒருநாளும் சொன்னதில்லை. ஆயினும் ஆடி முடித்தவர்கள் தோளில் துண்டோடும் வாயில் சிரிப்போடும்தான் வீடு திரும்பினார்கள்.

இந்நிலையில், சென்ற மாதப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "அடுத்த மாசத்துலேர்ந்து பலகையை நான் தொடமாட்டேன்" என்றீர்களே அக்கா! எங்களுக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் இதை வாசித்துக்கொண்டிருக்கும் செயலாளருக்கு அடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியும் எதிரே வரும் பந்தை இதுவரை சரியாகப் பார்த்திராத அவர், "இதென்ன பெரிய வித்தையா? பலமான ஆளோட பலவீனமான ஆளைச் சேர்த்தா முடிஞ்சுது" என்று மறு சனிக்கிழமையே வெள்ளோட்டம் விட்டார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மனிதர்கள்தான் சரியாக இல்லை. தண்ணீர் மோட்டார் போடும் நேரம் பற்றித் தகராறில் இருந்த வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் எதிரெதிரே நின்று, களத்தை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் குறிபார்த்து அடித்தார்கள். பல்மருத்துவருக்குத் துணையாக வாய்த்தவரோ, முந்தின வாரம் அவரிடம் சொத்தைப் பல்லைக் காட்டி, பக்கத்து நல்ல பல்லை இழந்தவர். பந்து வரும்போதெல்லாம் மருத்துவர் "விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று பாய, இவர் மட்டையைப் போட்டுவிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கொண்டார். புதிதாய் மணமான தம்பதியர் ஒரே பக்கம் ஆடினார்கள். வந்தது ஒரே ஸ்கூட்டரில். திரும்பும்போது ஸ்கூட்டர் தனியே போயிற்று, மணப்பெண் தனியே போனார்.

அன்று மாலை கூட்டமாய் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோம். "தெரியாமப் பண்ணிட்டோம்க்கா, பலகையை நீங்களே வச்சுக்கோங்க" என்று செயலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டீர்கள்:

"ஏம்ப்பா, அந்தப் பலகையில எம்பேரை எப்பவாச்சும் பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. உங்களுக்கென்று ஓர் அட்டையே இருந்ததில்லை. ஆள் குறைந்தால் அந்த இடத்தில் இறங்கி ஆடுவீர்கள். நாலு பந்து அடிப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவருவார். கையிலிருந்த மட்டையை அவரிடம் நீட்டிவிட்டுப் பலகைக்குத் திரும்பிவிடுவீர்கள்.

"முழுசா ஒரு செட்டு ஆடணும்னு எனக்கும் ஆசை இருக்காதா? முழங்கால் இன்னும் சொன்ன பேச்சு கேக்குது. அது கேக்குறப்பவே ஆடிக்கிறேனே" என்றீர்கள். அக்கா, அன்று எங்களுக்கு அழுகை வந்தது உண்மை. அதை மறைக்க எல்லாரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடினோம்.

பொறுப்பிலிருந்து விலகுமுன் கடைசியாக ஒரு ஜோடி சேர்த்தீர்கள்: பலகையை இனி வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளவேண்டும் என்றீர்கள். ஏன் என்று கேட்டோம். "பாருங்க, அப்புறம் சொல்றேன்" என்றீர்கள். இருவரும் இப்போது வேறு வழியின்றிப் பேசிக்கொள்கிறார்கள். மோட்டாரும் நேரத்துக்கு ஓடுவதாகக் கேள்வி.

அவர்கள் இருவரும் கூடிப் பேசி மாட்டிய முதல் பலகையை இம்மடல் வாயிலாக அறிவிக்கிறோம். நெடுநேரம் காத்திருந்தவருக்கே முதல் ஆட்டம் என்பது விதி. இம்மன்றத்தில் உங்களைவிட நெடுநேரம் காத்திருந்தவர் எவருமில்லை. ஆகவே வரும் சனிக்கிழமை, முதல் ஆடுகளம், முதல் ஆட்டம் உங்களுடையது. உங்கள் பெயரில் செய்த அட்டை மேல் கொக்கியில் தொங்குகிறது. இரண்டாம் விதிப்படி எதிர்ப்பக்கம் அத்தான். அளவு நாடாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் துணையாக ஆட எங்களுக்குள் பெரும் போட்டி. அடிதடி வேண்டாமென்று தேர்வை அத்தானிடமே விட்டோம். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் செயலாளரைக் காட்டினார்.

உங்கள் முழங்கால் நூறாண்டு சொன்ன பேச்சு கேட்கட்டும்! உங்கள் கண்ணும் கையும் கடைசிவரை உங்களோடு ஒத்துழைக்கட்டும்! உங்கள் பந்துகள் அரை விரலாவது உள்ளேயே விழட்டும்! ஒரேயொரு வேண்டுகோள் அக்கா. ஆட்டத்தின் நடுவில் மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து நிற்பார். மட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்ஙனம்,
அன்று மாலை முழுவதும் பெஞ்சில் காத்திருக்கப் போகும்
மன்ற உறுப்பினர்கள்