விளங்கப்படுத்துவது யார் வேலை

வெள்ளவத்தை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்.

“இண்டைக்கு ஜட்ஜுக்கு முன்னால, விளங்கப்படுத்த மாட்டன் எண்டிட்டன்,” என்றார்.

“ஐயோ, ஏனக்கா?”

“லோயர் சிங்களத்தில நீட்டி முழக்கிக் கேட்டார். அப்பிடியே தமிழில சொன்னன். சாட்சிக்கு வந்த அம்மாவுக்கு விளங்கேல்லை. லோயர் என்னை விளங்கப்படுத்தச் சொன்னார். கேட்டதைச் சொல்லுறதுதான் என்ர வேலை, விளங்கப்படுத்துறது கேள்வி கேட்டவற்ற வேலை எண்டன்.”

“ஜட்ஜ் ஏசினவரோ?”

“இல்லை. லோயரைத்தான் திருப்பிக் கேக்கச் சொன்னார். ரெண்டாந்தரமும் லோயர் நீட்டி முழக்கினார். மூண்டாந்தரம், ‘நடந்ததைக் கண்டீங்களா?’ எண்டு மட்டும் கேட்டார்.”

“அம்மா?”

“‘ஓம், என்ர கண்ணால கண்டனான்’ எண்டா. அதையும் ஒரு சொல்லுக் கூட்டாமல் சிங்களத்தில சொன்னன்.”