மூன்றாவது வரிக்கு ஓர் இனிப்புப் பெட்டி

வேளச்சேரி ரயிலில் என் எதிரே இரண்டு கணக்குப் பேராசிரியைகள். மூத்தவர் மடியில் இனிப்புப் பெட்டி.

“ஒரு மாணவி என் ஆராய்ச்சியையே கவுத்துட்டா. அவளுக்குத்தான் இந்த ஸ்வீட்.”

“கவுத்ததுக்கா?”

“ஆமா. பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முந்தின நாள், ஒரு ஆசையில அதோட நிரூபணத்தை கிளாஸ்ல போட்டுக் காட்டினேன். ‘மூணாவது வரி எப்படி வந்துது, மிஸ்?’ன்னு கேட்டா. ‘ஆப்வியஸ்’னு ஒரே வார்த்தைல நான் தாண்டிப்போன இடம். அங்கதான் ஓட்டை! சரிபண்ண ஒரு வருஷம் ஆச்சு. இப்ப அச்சாயிடுச்சு, அவளுக்கு நன்றி போட்டு. அவ மட்டும் கேக்கலேன்னா ஊரே சிரிச்சிருக்கும்.”

இளையவர் இனிப்புப் பெட்டியைப் பார்த்தார்.

“என் கிளாஸ்ல யாரும் எதுவும் கேக்கறதே இல்ல மேடம். நல்லா நடத்தறேன்னு நெனச்சிண்டிருந்தேன்.”